பால்சா டிரெய்னருக்குள் ரேடியோ: சர்வோ முதல் ஆன்டெனா வரை

ரேடியோவால் ஓட்டுகிற என் மாடல் விமானத்துக்கு இறக்கை ஒட்டியாகிவிட்டது, மேலே ஃபிலிம் இஸ்திரி போட்டாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "எப்ப பறக்க விடப் போற?" என்று கேட்கிறார்கள். இன்னும் பாதி வேலை கிடக்கிறது என்றால் நம்புவதில்லை. வெளியே தெரிகிற வேலைதான் முடிந்திருக்கிறது. சர்வோ (இறக்கையிலும் வாலிலும் அசையும் பலகைகளை இயக்கும் சின்ன மோட்டார்), ரிசீவர் (சிக்னலை வாங்குவது), ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு), கம்பி, வயர் என்று உள்ளே போக வேண்டியவை எல்லாம் இன்னும் டப்பாவில் கிடக்கின்றன. அவற்றை உள்ளே வைத்த வேலையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

விமானம் சாதாரண ஹை-விங் டிரெய்னர், அதாவது உடம்புக்கு மேலே இறக்கை இருக்கிற, ஓட்டப் பழகுவதற்கான விமானம். பால்சா என்ற லேசான மரத்தில் உடம்பு, இறக்கை முனைக்கு முனை 1200 மி.மீ., இறக்கையின் அகலம் 200 மி.மீ. விமானத்தைச் சாய்க்க இறக்கையில் ஐலரான், மூக்கை ஏற்றி இறக்க வாலில் எலிவேட்டர், மோட்டார் வேகத்துக்கு த்ராட்டில், பக்கவாட்டில் திருப்ப வாலில் ரட்டர் என்று நான்கு சேனல். மோட்டார் 2212 அளவு, 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் 1000 சுற்று). ப்ரொப்பெல்லர் 10×4.5. கூடவே 30 ஆம்பியர் ஈஎஸ்சி, 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி. ரேடியோ ஃப்ளைஸ்கை ஐ6, அதோடு வரும் ஐஏ6பி ரிசீவர். சர்வோக்கள் எல்லாம் 9 கிராம் வகை. நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற முக்கால்வாசிப் பேர் கையில் இருக்கிற சாமான்கள்தான்.

ரேடியோ பொருத்துவது எலக்ட்ரானிக்ஸ் வேலை என்று ஒரு நினைப்பு உண்டு. ரிசீவரை டிரான்ஸ்மிட்டரோடு இணைக்க ஐந்து நிமிஷம் போதும். மிச்ச நேரமெல்லாம் தச்சு வேலையிலும் கம்பி வளைப்பதிலும்தான் போகிறது. மைதானத்தில் ஒரு விமானம் விழுந்தால் "சிக்னல் போச்சு" என்கிறோம். பொறுக்கி எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஹார்னில் (சர்வோவிலும் அசையும் பலகையிலும் மாட்டும் சின்னக் கை) கழன்ற திருகோ, வளைந்த புஷ்ராடோ (அந்த இரண்டு கையையும் இணைக்கும் கம்பி), நழுவிய பிளக்கோ அகப்படும். அதனால் என் பழக்கம் ஒன்றுதான்: கையால் சரிசெய்ய முடிகிற எதையும் ரேடியோ மெனுவில் சரிசெய்வதில்லை. முதலில் கம்பி, அப்புறம்தான் பட்டன்.

சர்வோவில் ஆரம்பிக்கிறேன். விமானத்துக்குள் போவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் மேசையில் சோதித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு கழற்றுவது நரகம். ரிசீவரிலிருந்து சர்வோவுக்கு 20 மில்லி செகண்டுக்கு ஒரு துடிப்பு போகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லி செகண்ட் என்றால் நடு. 1 என்றால் ஒரு கோடி, 2 என்றால் மறு கோடி. சர்வோவுக்குள் இருக்கும் சின்ன பொட்டென்ஷியோமீட்டர் "இப்போது எங்கே நிற்கிறேன்" என்று சொல்கிறது. அந்த இரண்டையும் ஒப்பிட்டு மோட்டார் சுழல்கிறது. விலை மலிந்த சர்வோவில் சீக்கிரம் கெடுகிறவற்றில் இந்தப் பொட்டென்ஷியோமீட்டரும் ஒன்று.

சோதனை எளிது. சர்வோவை ஒரு வெள்ளைத் தாளில் டேப் போட்டு ஒட்டி, நீளமான ஹார்ன் மாட்டி, சர்வோ டெஸ்டரால் நடுவுக்குக் கொண்டுவந்து, ஹார்ன் நுனியில் பென்சிலால் கோடு போடுங்கள். இடது கோடிவரை ஓட்டி நடுவுக்குத் திரும்பச் செய்து ஒரு கோடு. வலது கோடிவரை ஓட்டித் திரும்பி இன்னொரு கோடு. மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் நல்ல சர்வோ. நான் வாங்கிய மொத்தப் பாக்கெட்டில் ஒரு சர்வோ வலதிலிருந்து திரும்பும்போது நுனியில் ஏறக்குறைய 2 மி.மீ. தள்ளி நின்றது. அதை எலிவேட்டரில் போட்டிருந்தால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு விமானம் தன்பாட்டுக்கு மூக்கைத் தூக்கவோ கவிழ்க்கவோ செய்யும், நாமும் ட்ரிம்மை (நடுவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் ரேடியோ பட்டன்) அழுத்திக்கொண்டே இருப்போம். அந்தச் சர்வோ இப்போது தம்பி மகனின் பள்ளி அறிவியல் கண்காட்சியில் ரயில்வே கேட் தூக்குகிறது.

ஹார்ன் மாட்டும்போது சர்வோ நடுவில் நிற்க வேண்டும், ரேடியோவில் ட்ரிம்மும், மெனுவுக்குள் அதே வேலையைச் செய்யும் சப்-ட்ரிம்மும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஹார்ன் புஷ்ராடுக்குச் சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும் என்பது பாடம். ஆனால் தண்டின் பற்கள் நம் வசதிக்கு அமைவதில்லை. ஒரு பல் இப்படி வைத்தால் முன்னே சாய்கிறது, அப்படி வைத்தால் பின்னே சாய்கிறது. இதற்கு சப்-ட்ரிம்மைத் தேடிப் போகாதீர்கள். பெட்டியில் வரும் நான்கு கை ஹார்னை எடுங்கள். ஒவ்வொரு கையாக அந்தத் திசைக்குத் திருப்பிப் பாருங்கள். பற்களின் எண்ணிக்கை நான்கால் வகுபடாததால் நான்கு கையும் சற்றே வேறு வேறு கோணத்தில் நிற்கும். ஏதோ ஒரு கை 90 டிகிரிக்கு மிக அருகில் வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் கட்டரால் வெட்டிவிடுங்கள். நடுத் திருகை உடனே போட்டுவிடுங்கள். "அப்புறம் போட்டுக்கலாம்" என்று மேசையில் வைத்த திருகு தரைவிரிப்புக்குள் போய்விடும்.

பால்சாவில் திருகு நிற்காது. சர்வோவின் காதுகள் உட்காரும் இடத்தில் 3 மி.மீ. பிளைவுட் பட்டைகளை எபாக்சி போட்டு ஒட்டினேன். 1 மி.மீ. டிரில்லால் ஓட்டை போட்டு, திருகை ஒருமுறை ஏற்றி இறக்கி, ஓட்டைக்குள் ஒரு சொட்டு மெல்லிய சயனோ (உடனே பிடிக்கும் பசை) விட்டுக் காயவைத்து, மறுபடி திருகை ஏற்றினால் மரம் கல்லாகப் பிடிக்கும். குளூ கன்னால் ஒட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். டெப்ரான் என்ற ஃபோம் ஷீட் விமானத்துக்கு அது சரி. மதுரை வெயிலில் காருக்குள் அரை மணி நேரம் கிடந்த விமானத்தில் அந்தப் பசை இளகி, சர்வோ தன் கட்டையோடு ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குத் திருகுதான்.

இறக்கைச் சர்வோ இரண்டும் இறக்கைக்குள் தனித்தனிக் குழிகளில் படுக்கின்றன. வயர் இறக்கையின் நடுவுக்கு வர, ரிப்களின் (இறக்கையின் குறுக்குச் சட்டங்கள்) ஓட்டை வழியாக அதை இழுக்க வேண்டும். ஒட்டுகிற காலத்திலேயே நூல் விட்டு வைத்திருந்தால் நிம்மதி. விடாதவர்களுக்கு வழி: மெல்லிய நூலின் நுனியில் ஒரு சின்ன நட்டைக் கட்டி, இறக்கையைச் செங்குத்தாகப் பிடித்து, குழி வழியாக இறக்கிவிட்டு லேசாகத் தட்டினால் நட்டு ஒவ்வொரு ரிப்பாகக் கடந்து கீழே வந்து சேரும். ஒரு ரிப்பில் மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டி நகர்த்தலாம். நட்டு இரும்பாக இருக்க வேண்டும், பித்தளை என்றால் காந்தத்துக்கு மசியாது. வயர் போதாததால் 300 மி.மீ. எக்ஸ்டென்ஷன் சேர்த்தேன். இணைப்பு இறக்கைக்குள்ளே மறைகிறது என்பதால் இரண்டு பிளக்கையும் சேர்த்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டுச் சுருக்கிவிட்டேன். காற்றில் கழலக்கூடாத இடம் அது.

இரண்டு ஐலரானும் ஒய்-கேபிளில் சேர்ந்து ஒரே சேனலுக்குப் போகின்றன. இடது சர்வோவின் தண்டு இடது முனையைப் பார்த்து, வலதினுடையது வலது முனையைப் பார்த்துப் படுத்திருப்பதால், ஒரே சிக்னலுக்கு இரண்டும் ஒரே பக்கம் சுற்றினாலும் ஒன்று கம்பியைத் தள்ளும், மற்றது இழுக்கும். ரிவர்ஸர் எதுவும் தேவையில்லை.

இனி எனக்குப் பிடித்த பகுதி, புஷ்ராட். சர்வோவிலிருந்து வால் அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. வெறும் 1.2 மி.மீ. எஃகுக் கம்பியை அவ்வளவு தூரம் விட்டால் இழுக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும், தள்ளும்போது நடுவில் வில்லாக வளையும். மேசையில் இது தெரியாது. விமானம் வேகமாகக் கீழே பாய்கிறபோது எலிவேட்டர்மேல் காற்று அழுத்தும். நாம் கொடுத்த அசைவைக் கம்பி வளைந்தே விழுங்கிவிடும். எப்போது மேலே தூக்க வேண்டுமோ அப்போது தூக்காது. பிளாஸ்டிக் குழாய்க்குள் கம்பியை விட்டு, குழாயை ஒவ்வொரு ஃபார்மரிலும் (உடம்பின் குறுக்குச் சட்டம்) ஒட்டுவது ஒரு தீர்வு. நான் பட்டம் கட்ட வாங்கி வைத்திருந்த மூங்கிலைச் சீவி, உப்புத்தாள் போட்டு 5 மி.மீ. குச்சியாக்கினேன். இரு நுனியிலிருந்தும் 20 மி.மீ. தள்ளி ஒரு சின்ன ஓட்டை. கம்பியின் கோடியை 'ட' போல் மடித்து அந்த ஓட்டையில் நுழைத்து, குச்சியோடு சேர்த்துத் தையல் நூலால் இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றி, நூல்மேல் சயனோ விட்டேன். நூல் பசையைக் குடித்து நிறம் மாறும்போது நகத்தால் அழுத்திப் பார்த்தால் கண்ணாடியாகிவிட்டது தெரியும். அரை மீட்டர்க் குச்சி, கையால் நுனியைப் பிடித்துத் தள்ளினால் இம்மியும் வளையவில்லை. வெயிலில் நீளமும் அவ்வளவாக மாறாது. பிளாஸ்டிக் குழாய் நீளும், அதோடு ட்ரிம்மும் நகரும்.

சர்வோ பக்கம் இசட் வளைவு, வால் பக்கம் 2 மி.மீ. மரையும் கிளெவிஸும் (ஹார்ன் ஓட்டையைக் கவ்வும் கொக்கி). திருகு போட்டுக் கம்பியைப் பிடிக்கிற ஸ்டாப்பர்களை ரட்டரில் வேண்டுமானால் வைக்கலாம், எலிவேட்டரில் நான் வைப்பதில்லை. மோட்டார் அதிர்வில் அந்தச் சின்னத் திருகு கழன்றால் மிச்சம் எதுவும் கையில் இருக்காது. கிளெவிஸ் வாய் திறக்காமலிருக்க, சிலிக்கான் குழாயில் ஒரு வளையம் வெட்டி மேலே ஏற்றியாகிவிட்டது.

எந்த ஓட்டையில் கம்பியை மாட்டுவது? ஹார்னில் ஏன் நாலைந்து ஓட்டைகள் இருக்கின்றன என்று பலர் யோசிப்பதே இல்லை. எலிவேட்டர் 40 மி.மீ. அகலம், அதன் விளிம்பு மேலும் கீழும் 10 மி.மீ. அசைந்தால் போதும். அது சுமார் 14.5 டிகிரி. எலிவேட்டர் ஹார்னில் கீல் கோட்டிலிருந்து 18 மி.மீ. உயர ஓட்டையை எடுத்துக்கொண்டால் கம்பி 4.5 மி.மீ. நகர வேண்டும். சர்வோ ஒவ்வொரு பக்கமும் 45 டிகிரி சுற்றுகிறது, 4.5 மி.மீ. வர, தண்டிலிருந்து 6.4 மி.மீ. தூர ஓட்டை தேவை. என் ஹார்னில் கிட்டத்தட்ட அங்கேயே ஓர் ஓட்டை இருந்தது. இப்போது ஸ்டிக்கின் முழு ஓட்டத்துக்கும் சர்வோவின் முழு ஓட்டம், அதற்கு எலிவேட்டரின் 10 மி.மீ. பலர் சர்வோ ஹார்னின் கடைசி ஓட்டையில் மாட்டி, எலிவேட்டர் 25 மி.மீ. துள்ளுகிறது என்று ரேடியோவில் 40 சதவீதத்துக்குக் குறைக்கிறார்கள். வேலை நடக்கும். ஆனால் சர்வோ பல்லில் இருக்கிற சின்ன ஆட்டம் அப்படியே எலிவேட்டரில் பெரிதாகிவிடும், சர்வோவின் பலமும் பாதிக்குமேல் வீணாகும். ஆட்டம் அதிகமானால் வேகத்தில் ஃப்ளட்டர் (அடங்காத படபடப்பு) வந்து வாலே பிய்ந்துபோன கதைகள் உண்டு. விரலால் எலிவேட்டர் விளிம்பை ஆட்டிப் பார்த்தேன், அரை மி.மீ.கூட வரவில்லை.

எலிவேட்டர் ஹார்னின் ஓட்டை கீல் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். பின்னால் தள்ளி நின்றால் மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவும் போகும். ஐலரானில் மட்டும் நான் வேண்டுமென்றே சமமில்லாமல் வைக்கிறேன். கீழே இறங்கும் ஐலரான் மேலே ஏறுவதைவிட அதிகம் காற்றைப் பிடிப்பதால், வலப்பக்கம் சாய்த்தால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். ஹை-விங் டிரெய்னரில் இது கண்ணுக்கே தெரியும். மருந்து, ஐலரான் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் போவது. சர்வோ ஹார்ன் இறக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஐலரான் ஹார்னும் கீழேதான். சர்வோ ஹார்னைச் செங்குத்தாக வைக்காமல் ஒரு பல் முன்பக்கம் சாய்த்து மாட்டினால், பின்னே தள்ளும்போது கம்பி நிறையவும் முன்னே இழுக்கும்போது குறைவாகவும் நகரும். பின்னே தள்ளினால் ஐலரான் ஏறும். கடைசியில் மேலே 14, கீழே 9 மி.மீ. என்று அமைந்தது. மிக்ஸ் மெனுவைத் திறக்கவே இல்லை.

இனி ரிசீவர். ஐஏ6பி 15 கிராம்கூட இல்லை. இறக்கைக்கு நேர்கீழே, ஈஎஸ்சியையும் பேட்டரியையும் விட்டு எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, மெல்லிய ஸ்பாஞ்சில் சுற்றி வெல்க்ரோவால் ஒட்டினேன். சேனல் 1 ஐலரான், 2 எலிவேட்டர், 3 த்ராட்டில், 4 ரட்டர். பிளக்கைத் திருப்பிச் சொருகிவிட்டாலும் பயப்பட வேண்டாம். சிவப்பு நடுவில் இருப்பதால் சர்வோ ஓடாதே தவிர எதுவும் புகையாது.

ஆன்டெனா இரண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 செ.மீ.; அதில் கால் பங்கு, அதாவது வயரின் நுனியில் தோல் உரிந்து தெரிகிற 31 மி.மீ. மட்டும்தான் உண்மையான ஆன்டெனா. மிச்சமெல்லாம் அதைக் கொண்டுசேர்க்கிற கேபிள். எனவே நுனியை மடிக்காமல் நேராக வைப்பது முக்கியம், வெட்டக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் நிற்க வேண்டும். விமானம் எந்தப் பக்கம் புரண்டாலும் ஒன்றாவது டிரான்ஸ்மிட்டருக்குக் குறுக்கே தெரியும். குளிர்பான ஸ்ட்ராவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை உடம்புச் சுவரில் படுக்கையாகவும் மற்றதைச் செங்குத்தாகவும் ஒட்டி உள்ளே விட்டுவிட்டேன். கார்பன் ஃபைபர் தண்டு இருக்கிற விமானமானால் அதிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், கார்பன் அலையை மறைக்கும்.

இதற்கு முந்தைய 72 மெகாஹெர்ட்ஸ் காலத்து ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அப்போது ஒரு மீட்டர் நீள ஆன்டெனா வயர் வால்வரை தொங்கும். ஒரே கிரிஸ்டல் எண்ணில், அதாவது ஒரே அலைவரிசையில், இருவர் ஆன் செய்தால் ஒரு விமானம் தரையில். அதற்கும் வெகுகாலம் முன்னால், 1937இல், அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்ற மாடலை ரேடியோவால் பறக்கவிட்டார்கள். வால்வு ரிசீவரும் அதற்கான பேட்டரியும் சுமக்கிற அளவுக்குப் பெரிய விமானம். நம்முடைய 15 கிராமைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

பவர் விஷயத்தில்தான் இந்த முறை கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் ஈஎஸ்சிக்குள் இருக்கிற பிஇசியிலிருந்து (பேட்டரி வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் பகுதி) வருகிறது. ப்ரொப்பெல்லரைக் கழற்றிவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனிடம் ரேடியோவைக் கொடுத்து, "ரெண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்துல நல்லா கலக்கு தம்பி" என்றேன். கலக்கினான். திடீரென்று எல்லாச் சர்வோவும் ஒரு நொடி செத்து மறுபடி உயிர் பெற்றன.

"அண்ணே, சிக்னல் கட்டாகுது."

"நீ திரையில வோல்ட்டைப் பாரு, அப்புறம் கலக்கு."

ஐஏ6பியில் ஒரு நல்ல வசதி, ரிசீவருக்கு வரும் வோல்ட் டிரான்ஸ்மிட்டர் திரையிலேயே தெரியும். சும்மா இருக்கும்போது 5.0. கலக்கும்போது 4.3 என்று காட்டிவிட்டு ரிசீவர் மறுபடி அணைந்து எழுந்தது. மூன்று அடி தூரத்தில் சிக்னல் கட்டாகாது. கரண்ட் பற்றவில்லை.

ஆனால் நான்கு 9 கிராம் சர்வோ சும்மா காற்றில் ஆடுவதற்கு இவ்வளவு இறங்கக்கூடாது. ஸ்டிக்கை நடுவில் விட்டு, காதைக் கிட்டே கொண்டுபோனேன். ஓய்வில் இருக்கும் சர்வோ சத்தம் போடக்கூடாது. இடது ஐலரானிலிருந்து மெல்லிய ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. தொட்டால் சுட்டது. ஸ்டிக்கை நகர்த்திப் பார்த்தால் ஐலரானின் வெளிக்கோடி இறக்கைமுனைக் கட்டையில் உரசுகிறது. ஃபிலிம் இரண்டு பக்கமும் ஒட்டியதில் இடைவெளி அடைந்துபோயிருக்கிறது. மேலே ஏறும்போது சர்வோ மரத்தோடு மல்லுக்கு நிற்கிறது, மல்லுக்கு நிற்கும் 9 கிராம் சர்வோ முக்கால் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். உப்புத்தாளை மடித்து இடுக்கில் விட்டு ஒரு மி.மீ. தேய்த்து, வெட்டுவாயில் ஃபிலிமைத் திரும்ப ஒட்டியதும் ரீங்காரம் நின்றது. திரையில் 4.8க்குக் கீழே இறங்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். மனசு ஒப்பவில்லை. ஈஎஸ்சியில் இருப்பது லீனியர் வகை பிஇசி. முழுதாகச் சார்ஜான 3எஸ் பேட்டரி 12.6 வோல்ட், அதில் 5 போக மிச்சம் 7.6 வோல்ட்டைச் சூடாகத்தான் கழிக்கும். ஒரு ஆம்பியர் இழுத்தாலே 7.6 வாட் சூடு, அதுவும் ஹீட் ஷ்ரிங்க் சுற்றிய ஒரு சின்னப் போர்டில். லேபிளில் 2 ஆம்பியர் என்று போட்டிருப்பதெல்லாம் 2எஸ்ஸுக்குப் பொருந்தலாம். ஆகவே அவ்வளவு சூடாகாத 5 வோல்ட் 3 ஆம்பியர் ஸ்விட்சிங் யூபெக் (தனிப் பிஇசி) ஒன்றைத் தனியாகப் பேட்டரி வயரில் சாலிடர் செய்து, அதன் பிளக்கை ரிசீவரின் பி/விசிசி என்ற பவர் துளையில் சொருகினேன். அப்படிச் செய்யும்போது ஈஎஸ்சி பிளக்கின் சிவப்பு வயரை வெளியே எடுத்துவிட வேண்டும். குண்டூசியால் பிளாஸ்டிக் நாக்கை லேசாகத் தூக்கினால் பின் வழுக்கி வரும். அதை மடித்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். இரண்டு 5 வோல்ட்டும் ஒரே ரிசீவரில் சேரக்கூடாது. இப்போது எவ்வளவு கலக்கினாலும் 5.0.

ஈஎஸ்சி மூக்குப் பக்கம், காற்று படும் இடத்தில். மூக்கில் ஓர் ஓட்டை, பேட்டரிக்குப் பின்னால் அதைவிடப் பெரிய ஓட்டை. உள்ளே வந்த காற்று வெளியே போக வழி இல்லாவிட்டால் முன் ஓட்டையால் பயனில்லை. வயர் நீளம் போதாவிட்டால் மோட்டார் பக்க மூன்று வயர்களை நீட்டுங்கள், பேட்டரி பக்கத்தை நீட்டாதீர்கள்; ஈஎஸ்சியின் கெபாசிட்டர்கள் அதைத் தாங்காது. த்ராட்டில் காலிப்ரேஷன் எல்லோருக்கும் தெரிந்ததே: ஸ்டிக் மேலே, பேட்டரி இணைப்பு, பீப் பீப், ஸ்டிக் கீழே. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது, மூன்றில் இரண்டு வயரை மாற்றினேன். வாட் மீட்டரில் முழு த்ராட்டிலுக்கு 15 ஆம்பியர் சொச்சம். அந்த ஒரு சோதனைக்கு மட்டும்தான் ப்ரொப்பெல்லரை மாட்டினேன், விமானத்தை மேசைக்காலோடு கட்டிவைத்து.

இதற்குப் பிறகுதான் ரேடியோ மெனு. விமானத்துக்குப் பின்னால் நின்று, ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஐலரான் மேலே வர வேண்டும். ஸ்டிக்கை நம் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. ரட்டர் ஸ்டிக் போகும் பக்கமே ரட்டரும். முன்னால் நின்று பார்த்துத்தான் எல்லோரும் குழம்புகிறார்கள், அதனால் பின்னால் நில்லுங்கள். எலிவேட்டருக்கு ஒரு ரிவர்ஸ் போட வேண்டியிருந்தது. எக்ஸ்போ (ஸ்டிக் நடுவில் அசைவை மென்மையாக்குவது) ஐலரானுக்கும் எலிவேட்டருக்கும் 30. கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், திரையில் வளைவைப் பாருங்கள், நடுவில் படுத்திருந்தால் சரி.

ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் ரிசீவர் தானே என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) போடாமல் யாரும் மைதானத்துக்கு வரக்கூடாது என்பது என் கட்சி. ஆர்எக்ஸ் செட்டப் மெனுவில் சேனல் 3ஐ எடுத்து, த்ராட்டில் ஸ்டிக்கை அடியோடு இறக்கி, மைனஸ் 100 என்று பதிய வேண்டும். மெனுவில் பதிந்ததோடு நம்பிவிடாமல், ப்ரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரைக் கால் பங்கு ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தேன். மோட்டார் நின்றது. சிக்னல் போன ஒரு கிலோ விமானம் விழட்டும், மோட்டார் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டு யார்மேலும் போய் விழக்கூடாது.

எடை மொத்தம் 940 கிராம். சிஜி (எடை சமமாக நிற்கும் புள்ளி) இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 60 மி.மீ., அதாவது அகலத்தில் 30 சதவீதம். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலால் தூக்கினால் வால் தொங்கியது. பேட்டரியை 25 மி.மீ. முன்னே தள்ளியதும் லேசாக மூக்கு சாய்ந்து நின்றது. ஈயம் தேவைப்படவில்லை. பேட்டரி நின்ற இடத்தில் விமானத்தின் உள்தரையில் மார்க்கரால் கோடு போட்டு, வெல்க்ரோ பட்டையை அதன்மேல் இறுக்கினேன். ஒவ்வொரு தடவையும் அதே கோட்டுக்குத்தான் பேட்டரி வர வேண்டும்.

எங்கே பறக்கவிடலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைப் பார்த்துக்கொண்டேன். 2021 ட்ரோன் விதிகள் மாடல் விமானத்துக்கும் பொருந்தும். பச்சை மண்டலத்தில் 400 அடிவரை. மதுரைக்கு வடக்கே நீர் வற்றிய கண்மாய் ஒன்று, விடிந்த நேரம், காற்றில்லை. சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்க, பக்கத்து வீட்டுப் பையன் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, நான் ரேடியோவோடு கண்மாய்க் கரைவரை நடந்தேன். ஐலரானை ஆட்ட ஆட்ட அவன் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான், மோட்டாரை ஓட்டியும் ஒருமுறை. சிக்னல் விட்டுப்போகவில்லை.

கையால் எறிந்ததும் விமானம் மூக்கை லேசாக இறக்கிக்கொண்டே ஏறியது. எலிவேட்டருக்கு நான்கு சொடுக்கு மேல் ட்ரிம், ஐலரானுக்கு ஒரு சொடுக்கு. திருப்பங்களில் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கவில்லை, ரட்டரைத் தொடாமலே வட்டம் போட்டது. டைமர் ஏழு நிமிஷத்தில் அடித்ததும் இறக்கிவிட்டேன். செல்லுக்கு 3.77 வோல்ட் மிச்சம். ஈஎஸ்சியைத் தொட்டால் வெதுவெதுப்பு, யூபெக் அதுகூட இல்லை.

அந்த நான்கு சொடுக்கை ரேடியோவில் விட்டுவைக்கவில்லை. எலிவேட்டர் எங்கே நிற்கிறது என்று வால் முனையில் பென்சிலால் குறித்துக்கொண்டு, ட்ரிம்மைப் பூஜ்யமாக்கி, கிளெவிஸைக் கழற்றி மரையில் ஒன்றரைச் சுற்று சுற்றினால் எலிவேட்டர் அதே குறியில் வந்து நின்றது. சிலிக்கான் வளையத்தை மறுபடி ஏற்றி, அடுத்த பேட்டரியை மாட்டினோம். ஐலரானின் ஒரு சொடுக்கை அப்படியே விட்டுவிட்டேன், அரைச் சுற்றுக்கும் குறைவாக வருகிறது. ரட்டர் சர்வோவின் பிளாஸ்டிக் பல்லில் லேசான கரகரப்பு கேட்கிறது, அதற்கு மெட்டல் கியர் வாங்க வேண்டும்.